நெய்வேலி வீட்டுக்கு எந்தக் காற்றோட்டம்? ஒரு பாய்லர்காரரின் கணக்கு

ஓய்வு பெறும் காலம் நெருங்கினால் நெய்வேலியில் பலருக்கும் வீடு கட்டும் வேலை தொடங்கிவிடும். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வடக்குத்து, இந்திரா நகர், மந்தாரக்குப்பம், வடலூர் என்று எங்கேயாவது ஒரு மனை வாங்கிப் போட்டிருப்போம். பி.எஃப். பணம் கைக்கு வருவதற்குள் வீட்டுப் படம் தயாராகிவிடும்.

என்னோடு அனல்மின் நிலையத்தில் பாய்லர் பராமரிப்பில் இருந்த தம்பி ஒருவர் இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறார். அவர் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவு. "அண்ணே, டொரண்டோவுல இருக்கிற மச்சான் ஈஆர்வி மெஷின் போடச் சொல்றாரு. ஏசி குளிரும் வெளிய போகாதாம், நல்ல காத்தும் உள்ள வந்துக்கிட்டே இருக்குமாம். அங்க புது வீட்டுல எல்லாம் அதுதானாம். நம்ம ஊருக்குச் சரிப்படுமா?"

நல்ல கேள்வி. வீடு கட்டும்போது டைல்ஸுக்கும் மாடுலர் கிச்சனுக்கும் நாள் கணக்கில் அலைகிறோம். காற்று எங்கிருந்து வரும், எங்கே போகும் என்று கேட்பவர்கள் குறைவு. நாள் முழுக்க நாம் உள்ளே இழுப்பது அந்தக் காற்றைத்தானே!

ஈஆர்வி நமக்குப் புதிதல்ல

பாய்லரில் வேலை பார்த்தவருக்கு இதை விளக்க ஒரு நிமிடம் போதும். நம் பாய்லர்களில் எஃப்டி ஃபேன் வெளிக்காற்றை உள்ளே தள்ளுகிறது; ஐடி ஃபேன் புகையை வெளியே இழுக்கிறது. நடுவில் ஏர் ப்ரீஹீட்டர். சிம்னிக்குப் போகும் புகையில் மிச்சமிருக்கும் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றிவிடுகிறது. லுங்ஸ்ட்ராம் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் சுழலும் ப்ரீஹீட்டரைக் கொண்டுவந்தது 1920-களில். எரிபொருள் செலவை அது கணிசமாகக் குறைத்தது.

வீட்டுக்கு வரும் எச்ஆர்வி, ஈஆர்வி இரண்டும் அதே தத்துவம்தான். ஒரு பெட்டி, இரண்டு சின்ன ஃபேன், நடுவில் ஒரு கோர். வெளியே போகும் பழைய காற்றும் உள்ளே வரும் புதுக் காற்றும் கலக்காமல் ஒன்றையொன்று கடந்து போகும். சூடு கைமாறும். எச்ஆர்வியில் சூடு மட்டும்தான் மாறும். ஈஆர்வியின் கோர் ஈரத்தையும் கடத்தும். இந்த ஒரு வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். நம் ஊர்க் கணக்கே இதில்தான் நிற்கிறது.

குளிர் நாடுகள் இதைத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, வீட்டுச் சூடு சந்து பொந்து வழியாக வெளியேறுவதை அடைக்கத் தொடங்கினார்கள். கனடாவின் ரெஜைனா நகரில் 1977-இல் கட்டிய சஸ்காச்சுவான் கன்சர்வேஷன் ஹவுஸ் அதில் முன்னோடி. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991-இல் முதல் பாஸிவ் ஹவுஸ் எழுந்தது. சந்துகளையெல்லாம் அடைத்தால் ஊசிபோலக் குத்தும் குளிர்காற்று நிற்கும், சூடும் தங்கும். ஆனால் உள்ளே மூச்சுக்காற்று கெட்டுப்போகும். அதற்கு மருந்தாகத்தான் இந்தப் பெட்டி வீட்டுக்குள் வந்தது.

டொரண்டோ கணக்கு வேறு, வடக்குத்துக் கணக்கு வேறு

ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க, அல்லது குளிர்விக்க, சுமார் 0.33 வாட்-மணி தேவை. இதை வைத்துக்கொண்டு இரண்டு ஊரையும் பார்ப்போம்.

டொரண்டோவில் வெளியே மைனஸ் 10, உள்ளே 21 டிகிரி. வித்தியாசம் 31. வீடு முழுவதற்கும் மணிக்கு 150 கன மீட்டர் புதுக் காற்று வேண்டுமென்றால், அதைச் சூடாக்கவே தொடர்ந்து ஒன்றரை கிலோவாட் போகும். பெட்டி அதில் முக்கால் பங்கை மீட்டுத் தந்தால் ஒரு நாளைக்கு 25 யூனிட்டுக்கு மேல் மிச்சம். மாதக் கணக்கில் நீளும் குளிருக்கு அது பெரிய லாபம். மச்சான் சொன்னது அவர் ஊருக்கு முழுக்கச் சரி.

இப்போது வடக்குத்து. மே மாத இரவு, வெளியே 29 டிகிரி, படுக்கையறையில் ஏசி வைத்து 26. வித்தியாசம் வெறும் 3. இரண்டு பேர் தூங்கும் அறைக்கு மணிக்கு 50 கன மீட்டர் காற்று தாராளம். அதன் சூட்டை இறக்க ஏசி செய்யும் வேலை 50 வாட்தான். ஒன்றுமே இல்லை என்று தோன்றும்.

ஆனால் ஈரம் இருக்கிறது. கடலூர்க் கடற்கரை நமக்கு அதிக தூரமில்லை. மே மாத இரவுக்காற்றின் ஒவ்வொரு கிலோவிலும் 20 கிராம் அளவுக்கு நீராவி இருக்கும். ஏசி அறையில் இருப்பது சுமார் 12 கிராம். அந்த 8 கிராமையும் ஏசி நீராக்கி வெளியே சொட்டவிட வேண்டும். அதற்கு ஆகும் வேலை 300 வாட்டுக்கு மேல். அதாவது சூட்டைவிட ஈரத்துக்கு ஆறேழு மடங்கு.

ஈரத்தின் விலை என்ன என்று நெய்வேலிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் பழுப்பு நிலக்கரியில் பாதி எடை தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கிச் சிம்னி வழியே அனுப்பவே எவ்வளவு சூடு வீணாகிறது என்று பணிக்காலம் முழுக்கப் பார்த்தோம். வீட்டில் அதே விவகாரம் தலைகீழாக நடக்கிறது. அங்கே தண்ணீரை ஆவியாக்கச் செலவு. இங்கே ஆவியைத் தண்ணீராக்கச் செலவு.

ஆகவே முதல் முடிவு: நம் ஊரில் எச்ஆர்வி வாங்கவே கூடாது. அது மீட்டுத் தருவது அந்த 50 வாட்டில் ஒரு பங்கைத்தான். ஈரம் அப்படியே உள்ளே வரும். வாங்கினால் ஈஆர்வி மட்டுமே.

ஈஆர்வியாவது லாபமா? அது ஈரத்தில் பாதியைத் தடுக்கிறது என்று வையுங்கள். ஏசியின் வேலையில் 200 வாட் குறையும். ஒரு நல்ல இன்வெர்ட்டர் ஏசி அந்த வேலையை 60 வாட் மின்சாரத்தில் முடித்துவிடும். எட்டு மணி நேரத்துக்கு அரை யூனிட். பெட்டியின் இரண்டு ஃபேனும் தின்பது போக மிஞ்சுவது சுமார் 0.3 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்றாலும் இரவுக்கு மூன்று ரூபாய்கூடத் தேறாது. வீடு முழுவதற்கும் டக்ட் இழுத்து ஈஆர்வி போட ஆகும் செலவோ ஒரு நல்ல ஏசியின் விலையைத் தாண்டிவிடும்.

தம்பிக்கு நான் சொன்ன பதில்: பகலும் இரவும் வீடு முழுக்க ஏசி ஓடும், வீட்டில் ஆஸ்துமா நோயாளியோ வெளியே அனுப்ப முடியாத முதியவரோ இருக்கிறார் என்றால் ஈஆர்வி யோசிக்கலாம். இரவில் ஒரே அறையில் ஏசி போடும் குடும்பத்துக்கு அது வேண்டாம்.

அப்படியானால் ஏசி அறையை இறுக மூடிவிடலாமா?

கூடாது. இங்கேதான் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றிக் குளிர்விக்கிறது. வெளியே இருக்கும் யூனிட்டுக்கும் அறைக்கும் நடுவில் ஓடுவது செம்புக் குழாயில் கேஸ் மட்டுமே.

பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம். உள்ளே சுமார் 34 கன மீட்டர் காற்று. தூங்கும் ஒருவர் மணிக்குப் பன்னிரண்டு லிட்டருக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். இறுக்கமாக மூடும் யுபிவிசி ஜன்னலும் ரப்பர் பீடிங் வைத்த கதவும் இருந்தால், இரண்டு பேர் தூங்கும் அறையில் விடிவதற்குள் அது பத்து லட்சத்தில் 2,500 பங்கைத் தாண்டும். வெளிக்காற்றில் இருப்பது 420-க்குச் சற்று மேல். காலையில் தலை கனப்பதற்கும், எட்டு மணி நேரம் தூங்கியும் சோர்வு போகாததற்கும் இது ஒரு காரணம். மணிக்கு 50 கன மீட்டர் புதுக் காற்று கிடைத்தால் அளவு 1,000-க்குள் நிற்கும்.

சரி என்று ஏசி அறையில் ஆறு இன்ச் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு ஓடவிடுகிறார்கள் சிலர். அது இழுப்பது மணிக்கு 250 கன மீட்டர் அளவு. தேவையைப்போல ஐந்து மடங்கு. மே மாத நடுப்பகலில் அவ்வளவு வெளிக்காற்று உள்ளே வந்தால் சூடும் ஈரமுமாக 2 கிலோவாட்டுக்கு மேல் சுமை ஏறும். ஒன்றரை டன் ஏசியின் மொத்தத் திறன் சுமார் 5.3 கிலோவாட். அதில் ஏறக்குறைய பாதி போய்விட்டது!

இழுப்பதா, தள்ளுவதா?

எக்ஸாஸ்ட் ஃபேனில் இன்னொரு கோளாறு உண்டு. அது காற்றை வெளியே இழுக்கும்போது அறையின் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று எங்கே சந்து கிடைக்கிறதோ அங்கே நுழையும். கதவுக்கு அடியில், ஜன்னல் சட்டத்தில், சுவிட்ச் போர்டு குழாயில், பாத்ரூம் பக்கமிருந்து. ஃபில்டர் கிடையாது. தூசி, கொசு, நாற்றம், ஈரம் எல்லாம் கூடவே வரும்.

பாய்லர் உலையை வெளி அழுத்தத்தைவிடச் சில மில்லிமீட்டர் நீர்மட்டம் குறைவாக வைத்திருப்போம். தீயும் புகையும் ஆள் மேல் பாயக்கூடாது என்பதற்காக. விலையாக, சந்து வழியாக வெளிக்காற்று உள்ளே ஏறுவதைப் பொறுத்துக்கொண்டோம். வீட்டில் நமக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. உள்ளே இருப்பது சுத்தம், வெளியே இருப்பது தூசி. அதனால் படுக்கையறையில் அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். எஃப்டி ஃபேன் மட்டும் போதும், ஐடி வேண்டாம். உள்ளே தள்ளிய காற்று சந்துகள் வழியாகத் தானே வெளியே போய்க்கொள்ளும். தூசி உள்ளே நுழைய வழி இருக்காது.

சுரங்கமும் அனல்மின் நிலையமும் லாரிப் போக்குவரத்தும் உள்ள பகுதியில் இருக்கிறோம். ஜன்னல் திண்டைக் காலையில் துடைத்தால் மாலையில் விரலில் ஒட்டுகிறது. ஆகவே வரும் காற்று ஃபில்டர் வழியாகத்தான் வர வேண்டும். முன்னால் கழுவக்கூடிய ஒரு வலை ஃபில்டர். அதன் பின்னால் எஃப்7 தரத்தில் ஒரு நுண் ஃபில்டர். இங்கே ஒரு எச்சரிக்கை: சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனைத் திருப்பி மாட்டி, அதன் முன் நுண் ஃபில்டரை வைத்தால் காற்றே வராது. அந்த விசிறிக்கு அழுத்தம் போதாது. இன்லைன் டக்ட் ஃபேன் என்று கேட்டு வாங்குங்கள். நான்கு இன்ச் குழாய்க்கு வரும் சின்ன ஃபேன், வேகம் குறைக்கும் ரெகுலேட்டருடன் போதும்.

காற்றை எடுக்கும் வாய் எங்கே? வடக்கு அல்லது கிழக்குச் சுவரில், நிழலில், தரையிலிருந்து எட்டடி உயரத்தில். சமையலறைப் புகை, ஏசியின் வெளி யூனிட், பைக் நிறுத்துமிடம் மூன்றிலிருந்தும் பத்தடி தள்ளி. டவுன்ஷிப்பில் மரநிழலே காற்றைக் குளிர்வித்துத் தந்தது. 2011 டிசம்பர் 30-இல் அடித்த தானே புயல் மாவட்டம் முழுக்க மரங்களைச் சாய்த்தபோதுதான் அந்த நிழலின் அருமை தெரிந்தது. புது மனையில் அந்த நிழல் கிடையாது. ஒரு வேம்போ புங்கையோ இன்றே நட்டால் காற்று எடுக்கும் சுவருக்கு நிழல் வரும்.

குளிர்காற்று மேலே படாமல்

மார்கழி வாடையில் ஜன்னல் ஓரம் படுத்தவருக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும். கைக்குழந்தை உள்ள வீட்டில் இது இன்னும் கவலை. அதற்காக எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டுப் புழுங்கிக்கொண்டு தூங்குகிறோம். காற்றை நிறுத்த வேண்டியதில்லை. அது படும் இடத்தை மாற்றினால் போதும். காற்று உள்ளே வரும் வாய் ஏழடிக்கு மேல் இருந்து, அதன் தகடுகள் கூரையைப் பார்த்துத் திரும்பியிருந்தால், வரும் காற்று மேலே அறைக்காற்றோடு கலந்துவிட்டுத்தான் கீழே இறங்கும். காற்று வரும் வாயையும் போகும் வாயையும் ஒரு கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். கட்டில் அந்தக் கோட்டில் இருக்கக்கூடாது.

கோடையில் கதை வேறு. அப்போது உடம்பின் மேல் காற்று பட வேண்டும். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று பட்டாலே இரண்டு மூன்று டிகிரி குறைந்ததுபோல் இருக்கும். அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தினர் இந்திய அலுவலகக் கட்டடங்களில் நடத்திய ஆய்வு, ஜன்னல் திறந்து பழகிய நம் மக்கள் 30 டிகிரி அளவிலும் இதமாக உணர்கிறார்கள் என்று காட்டியது. முப்பது வாட்டில் ஓடும் பிஎல்டிசி சீலிங் ஃபேனும் திறந்த ஜன்னலும் இருந்தால், வருடத்தில் பல மாதங்கள் ஏசி ரிமோட்டைத் தொட வேண்டியதில்லை.

ஜன்னலுக்கு மிஞ்சிய மெஷின் இல்லை

நம்மிடமிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் புதுச்சேரியில் கோல்கொண்டா என்ற கட்டடம் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதி. ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்தது. ஜார்ஜ் நகாஷிமா கூட நின்று கட்டியது. வேலை தொடங்கியது 1937-இல். ஏசி கிடையாது. நீண்ட இரண்டு பக்கமும் வடக்கையும் தெற்கையும் பார்க்கும். அந்தச் சுவர் முழுக்கத் திருப்பக்கூடிய பட்டைத் தகடுகள். வெயில், மழை, காற்று எதற்கு எவ்வளவு வழி என்பதை அறையில் இருப்பவரே முடிவு செய்யலாம். அறைக் கதவுகளும் பட்டைபோட்ட தேக்கு. மறைப்பும் உண்டு, காற்றும் போகும். கூரை இரண்டு அடுக்கு, நடுவில் காற்று. வீடு கட்டப் போகிறவர்கள் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் பொறியாளரிடம் என்ன கேட்பது என்று தெளிவாகும்.

அந்த அளவுக்கு நம்மால் கட்ட முடியாது. ஆனால் அளவுகோல் இருக்கிறது. எரிசக்தித் திறன் பணியகம் 2018-இல் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா, நம்மைப் போன்ற வெப்ப ஈரப் பகுதிகளில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறக்கக்கூடிய வழியாக இருக்க வேண்டும் என்கிறது. பெரிய மனைகளுக்காக வகுத்தது என்றாலும் நமக்கும் நல்ல வழிகாட்டி. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. இன்று எல்லோரும் வைக்கும் நாலுக்கு நாலு ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும். கிடைப்பது 8 சதுர அடி. கொசுவலை அதையும் குறைக்கும். கீல் வைத்துத் திறக்கும் ஜன்னலென்றால் ஏறக்குறைய முழுதும் திறக்கும். பெரிய செலவில்லாத மாற்றம் இது.

குவார்ட்டர்ஸில் ஜன்னலுக்கு மேலே இருந்த வென்டிலேட்டரைப் புது வீடுகளில் விட்டுவிடுகிறோம். சூடான காற்று மேலே ஏறி அங்கேதான் வெளியேறியது. அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஏசி போடும்போது மூடிக்கொள்ளும்படி கண்ணாடிக் கதவும், வெளியே கொசுவலையும் வைத்து.

திறப்பதிலும் நேரம் உண்டு. ஆனி, ஆடியில் பகலில் அடிக்கும் மேல்காற்று சூடும் புழுதியும் கொண்டது. காலை பத்து மணிக்கு மேற்கு ஜன்னலைச் சாத்திவிடுங்கள். மாலையில் கடல்காற்று எட்டிப் பார்க்கும்போது கிழக்கையும் தெற்கையும் திறந்து, மறுபக்கம் வழிவிடுங்கள். ஆனால் அன்றிரவு ஏசி போடப்போகும் அறையை மட்டும் மாலை முழுக்கத் திறந்து வைக்காதீர்கள். மெத்தையும் திரைச்சீலையும் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். இரவில் ஏசி அதையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கும்.

சமையலறையும் குளியலறையும்

இந்த இரண்டு இடத்திலும் இழுக்கத்தான் வேண்டும். சமையலறையில் வெளியே குழாய் போகும் சிம்னி வையுங்கள். குழாயில்லாமல் கரி ஃபில்டரோடு வருவது எண்ணெய்ப் பிசுக்கைக் கொஞ்சம் பிடிக்கும். சூடும் ஈரமும் அடுப்பு வாயுவும் வீட்டிலேயே சுற்றும். இழுக்கும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஹாலில் ஏசி, பக்கத்தில் கதவில்லாத திறந்த சமையலறை என்ற அமைப்பை மட்டும் தவிருங்கள். சிம்னியைப் போட்டதும் ஹாலின் குளிரெல்லாம் அதன் வழியே போய்விடும்.

குளியலறைக்கு ஆறு இன்ச் ஃபேன், நின்றதும் தானே மூடிக்கொள்ளும் ஷட்டருடன். குளித்து முடித்தபின் இருபது நிமிடம் ஓடட்டும். கேஸ் கீசர் வைப்பவர்கள் தயவுசெய்து குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில் வையுங்கள். மூடிய குளியலறையில் அது உண்டாக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆளைக் கொன்றுவிடும்.

எதற்கு முதலில் பணம்?

முதலில் மொட்டைமாடி. தட்டோடு பதிப்பதோ வெள்ளைக் குளிர்ப் பூச்சு அடிப்பதோ, கூரை குடிக்கும் வெயிலைக் குறைக்காமல் எந்தக் காற்றோட்டமும் முழுப் பலன் தராது. அடுத்து, கீல் ஜன்னலும் வென்டிலேட்டரும். பிறகு சமையலறை, குளியலறை ஃபேன்கள். நான்காவதாக, ஏசி அறைக்கு ஃபில்டரோடு உள்ளே தள்ளும் சின்ன ஃபேன். ஈஆர்வி கடைசியில், அதுவும் தேவைப்படும் வீட்டுக்கு மட்டும்.

தம்பியின் வீட்டில் இன்னும் பூச்சு வேலை தொடங்கவில்லை. அவரிடம் ஒன்றை மட்டும் உடனே செய்யச் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். ஃபேன் இப்போது வாங்குகிறீர்களோ இல்லையோ, ஒவ்வொரு படுக்கையறையிலும் வடக்கு அல்லது கிழக்குச் சுவரில் எட்டடி உயரத்தில் ஆறு இன்ச் பிவிசி குழாய்த் துண்டு ஒன்றைப் பதித்துவிடச் சொல்லுங்கள். மழைநீர் உள்ளே வராதபடி வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்வாக, இரண்டு முனையிலும் மூடி போட்டு. பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட். கொத்தனாருக்கு அரை மணி நேர வேலை. பெயின்ட் அடித்து முடித்தபின் சுவரை உடைப்பதோடு ஒப்பிட்டால் செலவென்றே சொல்ல முடியாது. நாளைக்கு வீட்டில் யாருக்கு மூச்சு சிரமம் வந்தாலும், எந்த மெஷின் விலை இறங்கினாலும், காற்றுக்கு வழி தயாராக இருக்கும்.